அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் வெட்டிப் பார்க்காதீர்கள்

ஜப்பானிய இயக்குநர் கினோஷிதா கெய்சுகேயின் 'ராணுவம்' (1944) படத்தின் கடைசிப் பத்து நிமிடக் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டு, "போர் நடக்கும்போதே வந்த போர் எதிர்ப்புப் படம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அது ஜப்பான் ராணுவ அமைச்சகத்தின் ஆதரவோடு ஷோச்சிகு நிறுவனம் எடுத்த பிரசாரப் படம். ஒன்றேகால் மணி நேரம் அந்த வேலையைத்தான் ஒழுங்காகச் செய்கிறது.

ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. அப்பா (நடிகர் ரியு சிஷு) 1904-05 ருஷ்ய-ஜப்பான் போர்க் காலத்தில் உடம்பு ஒத்துழைக்காமல் சண்டையைப் பார்க்காமலே போனவர். அந்தக் குறை மகனால்தான் தீர வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஜப்பான் மீது மங்கோலியர் படையெடுத்தபோது அவர்கள் கப்பல்களை அழித்த புயல் மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு இந்த அப்பா போடுகிற சண்டை இருக்கிறதே, சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

அம்மா (நடிகை தனாகா கினுயோ) மட்டும் என்ன, இளகிய மனசா? ஆண் பிள்ளை சக்கரவர்த்தி நம்மிடம் கொடுத்து வைத்த பொருள், ஒருநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பவள். பயந்த சுபாவமுள்ள மகனைக் கண்டித்தே வளர்க்கிறாள்.

மகன் போர்முனைக்குப் புறப்படும் நாள். போனால் அழுதுவிடுவேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். சிப்பாய்களுக்கான சக்கரவர்த்தியின் கட்டளைகளை முணுமுணுக்கிறாள். தூரத்தில் ஊதுகொம்புச் சத்தம். அவ்வளவுதான், எழுந்து ஓடுகிறாள். கொடி அசைக்கும் கூட்டத்துக்குள் முட்டி மோதி, மகனைக் கண்டுபிடித்து, அணிவகுப்போடு கூடவே ஓடி, விழுந்து, எழுந்து... வசனமே கிடையாது. திரைக்கதைத் தாளில் 'தாய் மகனை வழியனுப்புகிறாள்' என்ற அளவுக்குத்தான் இருந்ததாம். தணிக்கைக்காரர்கள் அதில் எதைப் பிடிப்பார்கள்? மகனை அனுப்ப மனமில்லாத தாயின் தவிப்பு அது என்பது படம் வந்த பிறகுதான் ராணுவத்துக்கு உறைத்தது. போர் முடியும்வரை கினோஷிதா இன்னொரு படம் எடுக்கவில்லை.

1946-இல் 'ஓசோனே குடும்பத்தின் காலை' எடுத்தார். ராணுவ வெறியை நேரடியாகவே திட்டுகிற படம். எனக்கு அது ஒரு மாற்றுக் குறைவுதான். தடை போனதும் எல்லாவற்றையும் வசனமாகவே பேசிவிட்டார்.

சரி, 'ராணுவம்' முடியும் இடத்துக்கு வருகிறேன். படை போய்விடுகிறது. அம்மா கைகூப்பி நிற்கிறாள். மகனுக்காகத்தான் என்கிறேன் நான். இல்லை, சக்கரவர்த்தியை நினைத்துத்தான் கும்பிடுகிறாள், கடைசிவரை அவள் மாறவே இல்லை என்கிறார் நண்பர். இரண்டு நாளாக இதே சண்டை.