ஐந்து அடிக்குறிப்பு, ஆதாரம் பூஜ்ஜியம்

தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய மாணவர் ஆய்வேடுகளில் "விமானத்தின் நிழல் தரையில் விழாது" என்ற வரி இன்னும் தலைகாட்டுகிறது. கீழே ஐந்து அடிக்குறிப்பு: இரண்டு வலைப்பூ, ஒரு நாளிதழ் இணைப்பு, ஒரு சுற்றுலாக் கையேடு, ஒரு பழைய ஆய்வேடு. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. சாயங்காலம் பிராகாரத்தில் போய் நின்றால் நிழல் காலடியிலேயே கிடக்கும்.

"உச்சியில் 80 டன் ஒற்றைக்கல்" என்பதையும் இப்படியே பின்தொடருங்கள். எடை போட்டது யார், எப்போது, எந்த முறையில்? இரண்டு படி இறங்குவதற்குள் சங்கிலி அறுந்துவிடும். இத்தனைக்கும் அதே கோயில் கல்வெட்டில் எடைக்குப் பஞ்சமில்லை. 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள் ராஜராஜன் கொடுத்த கலசத்துக்குச் செம்பு 3,083 பலம், பொன் 2,926½ கழஞ்சு (இரண்டும் பழைய எடை அளவுகள்). அரைக் கழஞ்சைக்கூட விடாமல் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் முதல் கல்வெட்டே இதுதான். archive.org தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதன்மைச் சான்று கையில் வந்துவிட்டது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. பதிப்பில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்துகள் பதிப்பாசிரியர் ஊகித்தவை. ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் எடுக்காமல் மூலவரியோடு ஒப்பிடுங்கள். ஆண்டுக் கணக்கில் பலரும் சறுக்குகிறார்கள்: ராஜராஜனின் முதலாம் ஆட்சியாண்டு 985 என்றால் 25ஆம் ஆண்டுக்கு 24-ஐத்தான் கூட்ட வேண்டும். அது 1009-இன் நடுவில் தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீளும். 275ஆம் நாள் என்பதால்தான் 1010.

"தேடினேன், கிடைக்கவில்லை" என்பதில் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான் வில்லன். தஞ்சாவூர், தஞ்சை, டான்ஜோர், கோயிலின் பழைய பெயரான இராசராசேச்சரம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல வெறும் பட வருடல்கள். உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களை எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் குழப்பிவிடும். பொருளடக்கத்தைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி கிடையாது.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஆய்வேட்டின் இயல்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதலில் துணைநூற்பட்டியல் கோப்பைத் திறங்கள். அதிலுள்ள நூல்களைத் தேடிப் போங்கள். ஆய்வேட்டின் வரியை அப்படியே எடுத்தால் அதிலுள்ள பிழையும் கூடவே வரும்.

ஐஎஸ்எஸ்என் எண் இருப்பது தரச் சான்று இல்லை. அது இதழை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். கட்டுரைக்கு மூன்று நாளில் ஏற்பு, பணம் கட்டினால் சான்றிதழ் என்றால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள். செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோள்களில் ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், கட்டுரையே இருக்காது. தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். கட்டுரைக்கான நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண் இருந்தால் அது வேறு கட்டுரையைத் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆய்வு வழிகாட்டிகளுக்கும் ஒன்று. "குறைந்தது 40 மேற்கோள்" என்று கேட்டால், படிக்காத 30-உம் வந்து சேரத்தான் செய்யும். பட்டியலில் ஏதாவது மூன்றைத் தொட்டு, "பக்கம் எது, அங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று வாய்மொழித் தேர்வில் கேளுங்கள். அடுத்த வருட ஆய்வேடுகளில் பட்டியல் தானாகச் சுருங்கும்.