ஊட்டி ஏர்போர்ட்டில் விமானம் கவிழ்ந்ததா?

"ஊட்டி ஏர்போர்ட்டில் குட்டி விமானம் கவிழ்ந்தது, பைலட் கவலைக்கிடம்" என்று ஒரு வீடியோ குன்னூர், கோத்தகிரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பொய். ஊட்டியில் மட்டுமல்ல, நீலகிரி மாவட்டத்திலேயே ஏர்போர்ட் கிடையாது. தீட்டுக்கல்லில் இருப்பது ஹெலிகாப்டர் தளம். விமானம் ஏற நாம் கோவை பீளமேட்டுக்குத்தான் இறங்க வேண்டும்.

வீடியோவை நிறுத்திப் பாருங்கள். விமானத்தின் பதிவு எண் 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது. அது அமெரிக்கப் பதிவு. இந்திய விமானமென்றால் 'விடி' என்று தொடங்கும். சுற்றிலும் ஒரே சமவெளி, பேருக்கு ஒரு தேயிலைச் செடிகூட இல்லை!

சிறு விமானம் இறங்கும்போது பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தரையைத் தொட வேண்டும். வீடியோவில் வேகம் குறையாமல் முன்சக்கரம் முதலில் மோதுகிறது. விமானம் துள்ளுகிறது, மறுபடி மோதும்போது முன்சக்கரம் ஒடிந்து மூக்கு குத்திக் குப்புற விழுகிறது. ஊட்டி போல 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. அதனால் விமானம் தரையைத் தொடும் வேகம் கூடும், ஓடுபாதையும் நீளமாக வேண்டும். அத்தனை நீளத்துக்குச் சமதளம் இங்கே எங்கே? யாருடைய கேரட் தோட்டத்தில்?

சிலர் இதோடு 2021 டிசம்பர் 8 விபத்தின் படங்களையும் ஒட்டி அனுப்புகிறார்கள். அது விமானப்படை ஹெலிகாப்டர். சூலூரிலிருந்து வெலிங்டன் வரும் வழியில் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். எதிர்பாராமல் வானிலை மாறி, மேகத்துக்குள் புகுந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தப்பியதே காரணம் என்றது விசாரணை.