தண்ணீருக்குள் மூச்சை எண்ணுங்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் தண்ணீருக்குள் நடக்கும் சண்டை ஏன் இப்படிச் சப்பென்று இருக்கிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆயுதங்களைப் பொறுத்தவரை எனக்குக் குறையே இல்லை. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, நீந்தும் இயல்பு இல்லாதவன் நீருக்குள் நீள்வாளையோ கோடரியையோ வீசினால் இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிச் சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். குத்துவாள், ஈட்டி, சூலம் போன்றவற்றுக்கு இந்தத் தண்டனை கிடையாது. சரியான விதி. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வீசுகிற கத்தி அதில் திணறும், குத்துகிற முனை ஊடுருவிப் போகும்.

மூச்சில்தான் கோட்டைவிட்டார்கள். ஒரு நிமிடத்தோடு, கதைமாந்தரின் உடலுறுதிக்கான கூடுதல் எண்ணைச் சேர்த்தால் வரும் அத்தனை நிமிடமும் மூச்சடக்கலாம். கூடுதல் எண் 2 என்றால் மூன்று நிமிடம். சண்டையில் எல்லோரும் ஒருமுறை செயல்பட்டு முடிக்கும் ஒரு சுற்று 6 வினாடி. ஆக, 30 சுற்றுகள்! எங்கள் மேசையில் எந்தச் சண்டையும் ஆறு சுற்றைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. பிறகு யாருக்கு மூழ்கிவிடுவோம் என்ற பயம் வரும்?

ஒருமுறை நான் ஆட்டம் நடத்தியபோது பாலம் இடிந்து ஒரு வீரன் ஆற்றில் விழுந்தான். உடம்பில் 65 பவுண்டு தகட்டுக் கவசம், கிட்டத்தட்ட 30 கிலோ. "மூன்று நிமிடம் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, அந்த வீரனாக ஆடிய நண்பர் நிதானமாக முறுக்கை எடுத்தார். அவர்மேல் தப்பில்லை. கவசத்தோடு நீந்துவதற்கென்று அந்தப் பதிப்பில் தனித் தண்டனையும் இல்லை. பழைய 3.5 பதிப்பில், கவசம் அணிந்ததற்காகப் பகடை எண்ணில் கழிக்கும் குறை எண் நீச்சலுக்கு இரட்டிப்பாகும். அதை ஏன் கைவிட்டார்கள்?

இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஆட்டமான பாத்ஃபைண்டரின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். அங்கே மூச்சு, ஐந்தோடு உடலுறுதி எண்ணைக் கூட்டினால் வரும் சுற்றுகள் மட்டுமே. சும்மா இருந்தால் ஒன்று குறையும், தாக்கினால் இரண்டு. கடுமையான அடி விழுந்தால் இன்னொன்று போகும். வாய் திறந்து பேசினால் மிச்சமிருக்கும் மூச்சு முழுவதும் போயிற்று. மந்திரம் சொல்ல நினைப்பவனுக்கு இதைவிட உயிர்ப்பான இக்கட்டு வேறென்ன வேண்டும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் மூன்றாம் நிலை மந்திரம் ஒன்று பத்துப் பேருக்கு 24 மணி நேரம் நீரில் சுவாசிக்கும் திறனைக் கொடுத்துவிடுகிறதே என்பார்கள். உண்மைதான். அதனால்தான் அந்த மந்திரம் கைக்கு வருவதற்கு முன்பே வீரர்களை நீரில் இறக்கிவிட வேண்டும் என்கிறேன்.

இப்போது நான் நடத்தும் ஆட்டத்தில் பாத்ஃபைண்டரின் மூச்சுக் கணக்கையே வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னும் புளியங்கொட்டைகளை வைத்துவிடுகிறேன். மூச்சுக்கு ஒரு கொட்டை. போன வாரம் ஒரு தோழிக்கு ஏழு இருந்தன. இரண்டு முறை குத்தியதில் நான்கு போயின. ஆக்டோபஸின் அடியில் ஒன்று போனது. மிச்சம் இரண்டு. மேலே நீந்தினால் தப்பிக்கலாம், ஆனால் கூட்டாளி இன்னும் அதன் பிடியில் இருக்கிறான். கொட்டைகளின்மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, "ஈட்டியால் குத்துகிறேன்" என்றாள்.