ஸ்பிரிங்கை மாற்றினால் இழுவைத் திறன் கூடுமா?

"பின்பக்க ஸ்பிரிங்கைக் கனமானதாக மாற்றினால் போதும், கார் டிரெய்லரில் இன்னும் 500 கிலோ கூடுதலாக இழுக்கும்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. தவறு. எஞ்சின், கியர்பாக்ஸ் தாங்கும் சூடு, பிரேக், சட்டகம், டிரெய்லரை மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் பார்த்துத்தான் தயாரிப்பாளர் இழுவை வரம்பை வைக்கிறார். ஸ்பிரிங்கை மாற்றினால் மற்றவை மாறிவிடாது.

டிரெய்லரை மாட்டியதும் காரின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நேராக நிற்கும். பார்க்கத் தெம்பாகவும் இருக்கும். எடைக் கணக்கு மட்டும் மாறாது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.7 மீட்டர், கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 100 கிலோ இறங்கினால் பின் அச்சில் சுமார் 144 கிலோ ஏறும். முன் அச்சில் 44 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவதால் அந்த 44 கிலோ முன்னால் திரும்பி வராது. அதற்கு எடையைப் பகிரும் கொக்கி வேண்டும். அதையும் தயாரிப்பாளர் அனுமதித்த காரில்தான் மாட்டலாம்.

ஷாக் அப்சார்பர் கதை வேறு. சாதாரண ஷாக் எடையைத் தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது. தேய்ந்ததை மாற்றினால் இழுக்கும்போது நிதானம் கூடும், அது உண்மை. ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கிவிட்டு பழைய ஷாக்கையே விட்டால் வண்டி குதிக்கும்; காலி வண்டியாக ஈரச் சாலையில் போகும்போது பின் டயரின் பிடியும் குறையும். எப்போதாவதுதான் டிரெய்லர் இழுப்பீர்கள் என்றால், தேவைப்படும்போது மட்டும் காற்றை ஏற்றிக்கொள்ளும் ஏர் ஸ்பிரிங் மேல். அப்புறம், எதை மாற்றினாலும் ஹெட்லைட் கோணத்தையும் வீல் அலைன்மென்டையும் பார்த்துவிடுங்கள்.