இடைவெளியை எண்ணில்தான் சொல்ல வேண்டுமா?
காப்புரிமைக் கோரிக்கையில் (கண்டுபிடிப்பில் எதற்குப் பாதுகாப்பு என்று வரையறுக்கும் வாசகம்) பாகங்களுக்கு நடுவே இடைவெளி இத்தனை சென்டிமீட்டர் என்று எண் இல்லாவிட்டால் அது தெளிவற்றது, செல்லாது என்று ஒரு கட்டுரை அடித்துச் சொல்கிறது; அது தவறு. நாட்டிலஸ், பயோசிக் என்ற இரு நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சிக் கருவியின் கைப்பிடியில் இதயத் துடிப்பை அளக்கும் மின்முனைகள் 'இடைவெளி விட்டு' இருக்கும் என்று மட்டுமே கோரிக்கை சொன்னது. 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கோரிக்கையின் எல்லை துறை அறிந்தவருக்கு 'நியாயமான உறுதி'யுடன் புரிய வேண்டும் என்று அளவுகோலைத்தான் இறுக்கியது, காப்புரிமையை ரத்து செய்யவில்லை. மறுபரிசீலனைக்குத் திரும்பி வந்த வழக்கில் 2015-ல், காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் நீதிமன்றமான ஃபெடரல் சர்க்யூட், 'இடைவெளி விட்டு' என்ற அந்தச் சொல் போதிய தெளிவுடையது என்றது. பதில் காப்புரிமையின் விவரக்குறிப்பிலேயே (கண்டுபிடிப்பை விளக்கும் பகுதி) இருந்தது: ஒவ்வொரு கையும் தனக்கான இரண்டு முனைகளையும் பிடிக்க வேண்டும், எனவே இடைவெளி கையின் அகலத்தைத் தாண்டாது, இரண்டும் ஒரே முனையாகிவிடும் அளவுக்கு நெருங்கவும் கூடாது. இந்த இரு எல்லைகளுக்கு நடுவே சரியான இடத்தைத் துறை அறிந்தவர் சோதித்தே பிடித்துவிடலாம் (முனைகளின் அளவு, வடிவம், உலோகமும் இதில் சேரும்): துடிப்பை மறைக்கும், இரு கைகளின் தசைச் சமிக்ஞைகளும் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யத்தை ஒட்டி வரும்போது துடிப்பு மட்டும் மிஞ்சும்.