நூறில ஏழு

பெரியம்மா: ஏன் மோனை என்னையே முழுசிப் பாக்கிறாய்? புட்டுக்கு உப்புக் காணாதோ?

பெறாமகன்: இல்லையணை. நீங்கள் கதையுங்கோ. நான் கண்ணைப் பாத்துக் கேக்கிறன்.

பெரியம்மா: காசு வேணுமெண்டால் நேர கேள். எவ்வளவு?

பெறாமகன்: காசு வேண்டாம். கண்ணைப் பாத்துக் கதைச்சால் மற்ற ஆளுக்கு நம்பிக்கை வருமாம்.

பெரியம்மா: எனக்கு வராது. கொப்பரும் உப்பிடித்தான் கண்ணைப் பாத்துக் கதைச்சு, ஒரு கிழமைக்கெண்டு என்ர லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினைக் கொண்டு போனவர்.

பெறாமகன்: அப்ப நீங்கள் சொல்லுறது, அப்பா லாண்ட்மாஸ்ரரைத் திருப்பித் தரேல்லையெண்டு.

பெரியம்மா: அதைத்தானே இப்ப சொன்னனான்.

பெறாமகன்: அதைத்தான் இப்ப சொன்னனீங்கள்.

பெரியம்மா: காதுக்க ஏதும் போட்டுதோ? நல்லெண்ணெய் காச்சி விடட்டோ?

பெறாமகன்: அப்ப நீங்கள் சொல்லுறது, எனக்குக் காது கேக்கேல்லையெண்டு.

பெரியம்மா: காது கேக்குது. விசர்தான் பிடிச்சிருக்கு.

பெறாமகன்: ஐயோ, இது கதைக்கிற முறை பழக்கின செயலமர்வில சொல்லித் தந்ததணை. ஒராள் சொன்னதை நாங்கள் திருப்பிச் சொன்னால், நாங்கள் கவனமாக் கேக்கிறமெண்டு அவைக்கு விளங்குமாம். அமெரிக்காவில காள் றொஜேர்ஸ் எண்ட உளவியல்காரர் 1957 இலயே எழுதினது.

பெரியம்மா: அவர் வீட்டில மனிசியோடையும் இப்பிடித்தான் கதைச்சவரோ?

பெறாமகன்: அது சொல்லித் தரேல்ல. இஞ்ச பாருங்கோ, தாள்கூடத் தந்தவை.

(வழுவழுப்பான வண்ணத்தாள். பசளை மானியப் படிவம் இப்படியொரு தாளில் வந்ததை இந்த ஊர்ப்பக்கத்தில் எவரும் கண்டதில்லை.)

பெரியம்மா: என்ன இது, ஆளைச் சுத்தி வட்டம் வட்டமாக் கீறியிருக்கு? சூனியமோ?

பெறாமகன்: இடைவெளியணை. எட்வேட் ஹோல் எண்ட மானிடவியல்காரர் 1966 இல எழுதினது. 45 சென்ரிமீற்றருக்குள்ள வாறது நெருங்கின சொந்தம் மட்டுந்தான். அங்கால 1.2 மீற்றர் வரைக்கும் தெரிஞ்ச ஆக்கள். மற்றவை அதுக்கும் அங்கால.

பெரியம்மா: பரந்தனில பஸ் ஏறினால் புதுக்குடியிருப்பு மட்டும் எவனோ ஒருத்தன்ர கமக்கட்டுக்குள்ளதான் என்ர தலை. அப்ப அவன் எனக்கு என்ன முறை?

பெறாமகன்: அவர் அளந்தது அமெரிக்காச் சனத்தை.

பெரியம்மா: அவையளுக்கு பஸ் காணும்போல. மிச்சத்தைச் சொல்லு.

பெறாமகன்: நாங்கள் கதைக்கிறதில சொல்லுக்கு நூறில 7 தானாம். குரலுக்கு 38. முகத்துக்கு 55.

பெரியம்மா: படிப்பிச்ச ஆள் எவ்வளவு நேரம் கதைச்சவர்?

பெறாமகன்: காலமை ஒன்பதில இருந்து பின்னேரம் நாலு மட்டும்.

பெரியம்மா: நூறில ஏழுக்கோ இவ்வளவு பாடு? முகத்தைக் காட்டிப்போட்டுப் பத்து மணிக்கே போயிருக்கலாமே.

பெறாமகன்: நான் போனில தேடிப் பாத்தனான். அது மெராபியன் எண்ட உளவியல்காரர் 1967 இல கண்டது. தனிச் சொல் ஒண்டைக் குரலை மாத்தி மாத்திச் சொல்லி, முகப் படத்தையும் காட்டி, இந்த ஆளுக்கு விருப்பமோ வெறுப்போ எண்டு சனத்திட்டக் கேட்டிருக்கினம். வாய் ஒண்டு சொல்ல முகம் வேறொண்டு சொன்னால், சனம் முகத்தைத்தான் நம்புது. எல்லாக் கதைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாதெண்டு அவரே பேந்து சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா: அப்பிடிச் சொல்லு. உன்ர மாமி "சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" எண்டுவா. ஒரு கை படலையைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிக்கும். நான் படலை சொல்லுறதைத்தான் கேக்கிறனான்.

பெறாமகன்: அப்ப நீங்கள் சொல்லுறது, மாமி...

பெரியம்மா: திருப்பிச் சொன்னியெண்டால் அகப்பை பறக்கும்.

பெறாமகன்: சேட்டிபிக்கற்றும் தந்தவையணை. சொல்லில்லாமல் கதைக்கிறதுக்கு.

பெரியம்மா: எங்களுக்கோ? 2009 இல சண்டையால இடம்பெயர்ந்து செட்டிக்குளம் முகாமில கம்பிக்கு இங்கால நான், அங்கால கொம்மான். கிட்டப் போய்க் கதைக்க விடேல்ல. அவர் விரலைக் காட்டினவர். அந்தக் குடும்பத்தில எத்தினை பேர் மிச்சமெண்டு எனக்கு விளங்கினது. நானும் காட்டினனான். அதுக்கு ஒருத்தரும் சேட்டிபிக்கற் தரேல்ல.

(பெறாமகன் பேசாமல் இருக்கிறான்.)

பெரியம்மா: ஏன், இதைத் திருப்பிச் சொல்லேல்லையோ? சரி, புட்டு ஆறுது, தின். உவை இந்த வகுப்பைக் கந்தோர்க்காரருக்கு வைச்சால் என்ன? காணிப் பேமிற்றுக்கு அலையிறன். யன்னலுக்கு அங்கால இருக்கிற ஆள் போனில இருந்து தலை நிமித்தாது. கையை மட்டும் இப்பிடி வெளியால ஆட்டும். அது தாளில இருக்கோ?

பெறாமகன்: இல்லை. நாளைக்கு வாங்கோ எண்டதாக்கும்.

பெரியம்மா: பார், உனக்கே விளங்குது.

பெறாமகன்: அவையளுக்கும் வைச்சவையாம். கையெழுத்தை வைச்சிட்டு எழும்பிப் போட்டினமாம்.

பெரியம்மா: பேந்து கந்தோரில இருந்தொரு கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களம். தமிழும் அரச கரும மொழியெண்டு 1987 இலயே சட்டத்தில எழுதினவை. கடிதத்துக்கு முகமுமில்லை, குரலுமில்லை. அந்த ஏழுதான் கிடந்தது. அதையும் எனக்கு விளங்காத மாதிரி அனுப்பியிருக்கினம்.

பெறாமகன்: நாளைக்கு நானும் வரட்டோ?

பெரியம்மா: வா. நீதான் கதைக்கோணும். அந்தாள் "நாளைக்கு வாங்கோ" எண்டால், "அப்ப நீங்கள் சொல்லுறது, நாளைக்கு வரட்டாம்" எண்டு சொல்லு. "அதைத்தானே சொன்னனான்" எண்டால், "அதைத்தான் சொன்னனீங்கள்" எண்டு சொல்லு. விசர் வந்தாவது தலையை நிமித்தும்.

பெறாமகன்: அப்பவும் நிமித்தாட்டி?

பெரியம்மா: யன்னலுக்குள்ள தலையை விடு. 45 சென்ரிமீற்றருக்குள்ள போ.