கோழி இறக்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

போன வாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தி முடிந்து தாம்பூலம் வாங்கும் நேரத்தில் பெரியப்பா பிடித்துக்கொண்டார். “ஏம்மா, உங்க அக்கா பையன் இன்னுமா படிக்கிறான்?”

படிக்கிறான். எம்பிபிஎஸ் ஐந்தரை வருடம், எம்எஸ் மூன்று, இப்போது நியூரோ சர்ஜரியில் எம்சிஎச் மூன்று. நடுவில் நுழைவுத் தேர்வுக்காக உட்கார்ந்த காலம் தனிக்கணக்கு. முன்மண்டை வழுக்கையாகிக்கொண்டு வருகிறது, ஆள் இன்னும் மாணவன். இதைக்கூடப் பெரியப்பா பொறுத்துக்கொண்டார். முடித்ததும் அரசு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகப் போகிறேன் என்று அவன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. “மூளை ஆபரேஷன் கத்துக்கிட்டு யாராவது வாத்தியார் வேலைக்குப் போவாங்களா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அங்கே சண்டை போட மனசில்லை. இங்கே போடுகிறேன்.

வாத்தியார் என்றால் போர்டு முன்னால் நிற்பவர் என்று நினைப்பு. ராத்திரி ஒரு மணிக்கு பைக்கிலிருந்து விழுந்து, மண்டைக்குள் ரத்தம் கட்டி வருகிறவரைத் திறப்பதும் அதே ஆள்தான். கூடவே, பக்கத்தில் நிற்கும் மாணவன் கையில் டிரில்லைக் கொடுத்து, அவன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்து, சரியான நொடியில் “போதும்” சொல்ல வேண்டும். தானே செய்தால் சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

நம் ஊருக்கு இந்தத் துறையைக் கொண்டுவந்தவர்களே வாத்தியார்கள்தான். 1949-ல் வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் சாண்டி, 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி. ஆனால் நான் பெரியப்பாவுக்குச் சொல்ல நினைத்தது டி.எஸ். கனகாவைப் பற்றி.

1932-ல் சென்னையில் பிறந்தவர். 1954-ல் எம்பிபிஎஸ். பொது அறுவை சிகிச்சையில் எம்எஸ் முடிக்க 1963 ஆகிவிட்டது. ஒரு பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குள் விடவே யோசித்த காலம், அந்த ஒன்பது வருட இடைவெளியே மிச்சத்தைச் சொல்லிவிடும். 1968-ல் நியூரோ சர்ஜரியில் எம்சிஎச். நாட்டின் முதல் பெண் நரம்பு அறுவை சிகிச்சை நிபுணர் அவர்தான். அத்தோடு விட்டாரா என்றால் இல்லை, பெருமூளை வாதம் வந்த குழந்தைகளுக்கான ஸ்டீரியோடாக்டிக் அறுவையை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டமும் வாங்கினார். 1990-ல் ஓய்வு பெறும்வரை அரசு வேலை, அப்புறம் ஏழைகளுக்கு இலவச வைத்தியம். ரத்ததானம் மட்டுமே நூறு தடவைக்கு மேல். 2018-ல் இறந்தார்.

ஸ்டீரியோடாக்டிக் என்றால், தலையில் ஓர் உலோகச் சட்டத்தைப் பூட்டி, அளவு பார்த்து, சின்னத் துளை வழியாக மூளையின் ஆழத்தில் குறித்த புள்ளிக்கு ஊசி போன்ற கருவியை இறக்குவது. சிடி ஸ்கேனில் முதல் நோயாளியைப் படம் பிடித்ததே 1971-ல், லண்டனில். அதற்கு முன்பே இவர்கள் சென்னையில் வெறும் எக்ஸ்ரேயை வைத்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். நினைத்தாலே எனக்குக் கை வியர்க்கிறது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற பக்கமும் உண்டு. ராமமூர்த்தி, வி. பாலசுப்ரமணியம், கனகா கொண்ட அதே குழு, கட்டுக்கடங்காத மூர்க்கம் உள்ளவர்களுக்கு, சிறுவர்கள் உட்பட, மூளையில் அமிக்டலா என்ற பகுதியைச் சேதப்படுத்தும் அறுவைகளையும் செய்தது. ராமமூர்த்தி 1988-ல் வெளியிட்ட கட்டுரையில் மூர்க்கத்தைத் தணிக்க மூளையில் செய்த 603 அறுவைகளின் கணக்கு இருக்கிறது. இன்று அதை அநேகமாக யாரும் செய்வதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் யார் சம்மதம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கடம் நமக்கு வருவதே அவர்கள் எண்ணி எழுதி வைத்ததால்தான். எழுதாமல் செய்திருந்தால் கேள்வி கேட்கக்கூட வழியில்லை. செய்ததைக் கட்டுரையாக எழுதுவதும் மருத்துவக் கல்லூரி வாத்தியார் வேலைதான், அக்கா பையன் போக நினைப்பது இந்த எழுதி வைக்கிற பக்கத்துக்குத்தான். (பதவி உயர்வுக்காக நாலு பேர் பெயரைச் சேர்த்து ஒப்பேற்றும் கட்டுரைகளும் உண்டு. அதைத் தொட்டால் இந்தப் பதிவு முடியாது.)

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான், கையில் கோழி இறக்கை. சமைக்க இல்லை. அதற்குள் ஓடும் மெல்லிய ரத்தக் குழாயை வெட்டி, திரும்ப ஒட்டித் தைத்துப் பழக. பத்து-ஜீரோ நைலான், தலைமுடியை விட மெல்லிய நூல். இவன் அடிக்கடி ஃப்ரிட்ஜில் இறக்கை வைக்கிறான், அதுவும் வெள்ளிக்கிழமைகூட, என்று அக்காவின் மாமியார் சண்டை பிடித்ததில் பயிற்சி எங்கள் வீட்டுக்கு மாறியிருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நானும் தைக்கிறேன் என்று உட்கார்ந்தாள். மேஜையில் வைக்கும் சின்ன மைக்ரோஸ்கோப், இரண்டு ஃபோர்செப்ஸ். மூன்று தடவை நூல் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் கையை நீட்டவே இல்லை, “மூச்சை விட்டுட்டு மறுபடி போடு” என்றதோடு சரி. எனக்குத்தான் பொறுக்கவில்லை, நீயே போட்டுக் காட்டேண்டா என்றேன். “சித்தி, நான் போட்டா எனக்குத்தான் வரும்” என்றான்.

நாலாவது முடிச்சு நின்றது. சிரிஞ்சில் நீல மை கலந்த தண்ணீரை எடுத்துக் குழாய்க்குள் தள்ளினான். முடிச்சுக்குப் பக்கத்தில் நீலம் கசிந்தது. மகளுக்கு முகம் சுருங்கிப்போனது. அவன் பையிலிருந்து அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து, தேதி போட்டு, அவள் பெயரையும் எழுதி, பக்கத்தில் ‘கசிவு உண்டு’ என்று குறித்துக்கொண்டான். முந்தின பக்கத்தை எட்டிப் பார்த்தேன். அவன் பெயருக்கு நேராகவும் அதே இரண்டு வார்த்தைதான், வரிசையாக ஆறு வரி.